எதை விடுறீங்க?

எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் நான்கு பேருக்கு மேல் ஏறினால் அது நகராது. ஐந்தாவதாக ஏறியவர் இறங்கிவிடுவதுதான் உலக வழக்கம். நாங்கள் சார் என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார், அவர் உள்ளே இருந்தால் அது நடக்காது. "யார் இறங்குறீங்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எவராவது மனம் ஒப்பி "நான் இறங்குறேன்" என்று சொல்லும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் அவரே இறங்கி, வலது முழங்காலை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறுவார். மேலே போய்ச் சேர்ந்த நாங்கள் அவர் வரும்வரை எங்கள் வாசலில் சாவியைத் தேடுவதுபோல நடிப்போம்.

யாரிடமிருந்தும் எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது அவர் சுபாவம். கேட்டுவிட்டால், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் இளமையில் நீளம் தாண்டும் வீரர். அதை வைத்துத்தான் ரயில்வேயில் வேலை கிடைத்தது. நாங்கள் அறிந்த காலத்தில் தாம்பரத்தில் பார்சல் ஆபீஸில் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்பவரைப்போல ஒரு காலை முன்னால் வைத்திருப்பார். ஞாயிறு காலை மனைவியோடு சர்ச்சுக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகடைகளோடு உட்காருவார். நான், ரஹீம் பாய், ஷீலா மூவரும் எதிரில் இருப்போம். பாய் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஷீலா மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் ஒரு வங்கியில் இருந்தேன். எல்லோருக்கும் ஒரே அடுக்ககம்.

எங்களைச் சேர்த்துவைத்தது தண்ணீர் லாரி. எந்த பிளாக்குக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று சங்கக் கூட்டத்தில் நால்வரும் நான்கு பக்கமாக நின்று கத்தினோம். முடிந்ததும் ஷீலா, "இவ்ளோ நல்லா சண்டை போடுறோமே, என்கிட்ட ஒரு கேம் இருக்கு, அதுல போடலாமா?" என்றாள். வெளிநாட்டுக்கு அலுவலக வேலையாகப் போனபோது வாங்கிவந்த ஒரு பெட்டி அவளிடம் பிரிக்கப்படாமல் இருந்தது.

அந்த ஆட்டத்தில் காய்கள் கிடையாது, வென்றவர் தோற்றவர் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் நடக்க வேண்டும். "நான் சுவர் ஏறுறேன்" என்று நீங்கள் சொல்லலாம். ஏற முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். அதில் ஆறு எண்கள்: பலம், வேகம், தெம்பு, புத்தி, நிதானம், வசீகரம். சொல்லப்போனால் அந்த ஆறு எண்கள்தான் அந்த ஆள்.

கதை சொல்லும் வேலை முதல் வாரமே அவரிடம் போய்விட்டது. அவர் உண்டாக்கிய நாட்டில் ஏழு ஏரிகள். ஒன்று நிரம்பி அடுத்ததில் விழும். எங்கள் பக்கத்து ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நாட்டில் வழி தவறாது. தாள்களை நிரப்பச் சொன்னபோது ஒரு நிபந்தனை போட்டார். பிறந்த வருஷத்தைப் பேனாவில் எழுத வேண்டும். மற்ற எல்லாம் பென்சிலில்.

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதான் மாறாது, தேதி."

தேதி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். எந்த ஞாயிறு என்ன நடந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் ஆட்டம் தொடங்கும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன தேதிப்பா, தேதி?" என்று கேட்டுவிட்டுத்தான் பகடையைத் தொடுவார். நான் சொல்வேன். பாய் ஒவ்வொரு வாரமும் அதற்குப் புதிதாகச் சிரிப்பார். அந்தத் தேதிகள் எல்லாம் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெட்டியோடு வந்த விதிப்புத்தகத்தில் மூப்புக்கு ஒரு அட்டவணை இருந்தது. பாத்திரத்துக்கு வயது ஏற ஏறப் பலம், வேகம், தெம்பு குறையும். புத்தி, நிதானம், வசீகரம் கூடும். அவர் அதைப் படித்துவிட்டுப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இன்னா சார், அட்ச்சிட்டீங்க?" என்றார் பாய். அவருடைய பாத்திரம் ஒரு வயதான படைவீரன். அட்டவணைப்படி அவனுக்கு நிறைய நிதானம் வந்திருக்க வேண்டும். "வயசானா நிதானம் வரும் சார். எங்க வாப்பாவைப் பார்த்தவன் நானு."

"எங்க ஆபீஸ்ல வந்து பாருங்க பாய். ரிட்டயர் ஆகிற வயசுல ஃபேன் யார் பக்கம் திரும்பணும்னு அடிச்சுக்கிறானுங்க."

"அப்போ கிழவனுக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"கிடைக்கும். ஆடிச் சம்பாதிச்சுக்கணும். வயசு எதையும் குடுக்காது பாய். எடுத்துக்கும், அவ்ளோதான்."

அட்டவணைக்குப் பதில் அவர் ஒரு விதி வகுத்தார். நாற்பது தாண்டிய பாத்திரம் ஒவ்வொரு பிறந்தநாளிலும் மூன்று பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவன் தெம்புக்குள் அடங்கினால் அந்த வருஷம் தப்பினான். தாண்டினால் ஆறு எண்களில் ஒன்றிலிருந்து ஒரு புள்ளி போய்விடும். எதிலிருந்து என்பதை அந்த ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். பகடை விழுந்ததும் மேசையின் குறுக்கே குனிந்து அவர் கேட்பார்:

"எதை விடுறீங்க?"

ஷீலாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "லாஜிக்கே இல்ல சார். உடம்பு என்ன மெனு கார்டா? நிஜத்துல யார் கேக்குறா?"

"யாரும் கேக்கலைம்மா," என்றார் அவர். "அதான் இங்க கேக்குறேன்."

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பாத்திரங்களின் பிறந்தநாளுக்கு அக்கா நிஜமாகவே ரவா கேக் செய்வார். இல்லாத ஆளுக்கு எதற்கு கேக் என்று முதலில் முணுமுணுத்தவர், பிறகு, "அடுத்த வாரம் யாருக்குப் பொறந்தநாள்? ரவை வாங்கணும்" என்று தானாகவே கேட்க ஆரம்பித்தார். முதலில் கேக், பிறகு பகடை, பிறகு அந்தக் கேள்வி. இதுதான் வரிசை.

கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. பாயின் படைவீரன் முதல் முறை தோற்றபோது பாய் ஒரு மாலை முழுவதும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலத்தை விட்டால் அவன் படைவீரன் இல்லை. வேகம் ஏற்கெனவே இல்லை. நிதானம் இவ்வளவு போராடிச் சம்பாதித்தது. ஷீலா பொறுக்காமல், "என் ஆளுக்கு இருபத்திரண்டு வயசுதான் சார். எல்லாம் நிறைய இருக்கு. என்கிட்ட எடுத்துக்கங்க, ஆட்டம் நகரட்டும்" என்றாள்.

"அவர் வயசு அவருக்கும்மா. அதை நீ வாங்கிக்க முடியாது."

"அப்போ சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க."

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். ஓடுபாதையில் யாரும் குறுக்கே வந்துவிடாமல் நிறுத்தும் கை அது. "கேட்டா காத்திருக்கணும்." அத்தோடு சரி. டீ ஆறியது. கீழே லாரி வந்து, தொட்டி நிரம்பி, போய்விட்டது. கடைசியில் பாய், "வசீகரத்தை எடுத்துக்கோ சார். அவனுக்கு எவன் பொண்ணு குடுக்கப் போறான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்காமல் ரப்பரை எடுத்துப் பாயிடம் நீட்டினார். அழிப்பதும் அவரவர் கைதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஒருமுறை தெரிந்தது. அவருடைய சொந்தப் பிறந்தநாள் ஒன்றில், காலையில் என் கதவைத் தட்டி, அளக்கும் நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். தாம்பரம் ரயில்வே மைதானத்துக்குப் போனோம். மணற்குழியில் புல் முளைத்திருந்தது. ஐந்தாறு எட்டு ஓடி, இடது காலால் எம்பி ஒருமுறை தாண்டினார். விழுந்தார் என்பதே பொருத்தம். நான் அளந்து சொன்னேன். தலையசைத்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"முப்பத்தொண்ணு வயசுல போச்சுப்பா இந்த முழங்கால். இதே குழியிலதான். ஒரு சத்தம் கேட்டுது, அவ்ளோதான். என்னை ஒரு வார்த்தை கேக்கல." மணலை அள்ளி முழங்காலின் மேல் கொட்டினார். "கேட்டிருந்தா தோளைக் குடுத்திருப்பேன், தேதி. ரெண்டு தோளையும். லாங் ஜம்ப்காரனுக்குத் தோள் எதுக்கு?"

நான் நாடாவைச் சுருட்டி, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

அடுத்து எழுதப்போவதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு ஐப்பசி ஞாயிறு, வெளியே நல்ல மழை. கதையில் மூன்றாம் ஏரியின் காவல்காரன் ஓடிவந்து, "மதகு உடைஞ்சு போச்சு, ஊருக்குள்ள தண்ணி வருது!" என்று கத்தினான். நாங்கள் போய், மிகுந்த பாடுபட்டு, மதகை அடைத்தோம். அடுத்தடுத்த வாரங்களில் நான்காம் ஏரிக்குப் போனோம். பிறகு ஒரு ஞாயிறு, அதே காவல்காரன் அதே மூச்சிரைப்போடு ஓடிவந்து, "மதகு உடைஞ்சு போச்சு, ஊருக்குள்ள தண்ணி வருது!" என்றான்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஷீலாவின் கண்கள் விரிந்தன. ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள்: "அண்ணா, லூப்! டைம் லூப் வெச்சிருக்கார்! நாம அந்த நாளுக்குள்ளேயே மாட்டிக்கிட்டோம்!"

"அடேங்கப்பா," என்றார் பாய். "மன்ஷன் மூளையே மூளை."

கதை சொல்பவரிடம் கதையின் ரகசியத்தைக் கேட்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் மரியாதை. ஆகவே கேட்கவில்லை. கண்டுபிடிக்கத் தொடங்கினோம். முதல் முறை காவல்காரனின் தலைப்பாகை சிவப்பு, அடுத்த முறை பச்சை. ஷீலா அதைத் தடயம் என்றாள். ஊர்த்தலைவி ஒரு வாரம் விதவையாக இருந்தாள். இன்னொரு வாரம் அவள் கணவன் எங்களுக்குக் கூழ் கொடுத்தான். அதையும் தடயத்தில் சேர்த்தோம். எது மாறுகிறதோ அதில்தான் சாவி இருக்கிறது என்று நானும் ஒரு கருத்துச் சொன்னேன். மார்கழி வரை இப்படியே போயிற்று. எங்கள் ஆட்டத்திலேயே அவ்வளவு உற்சாகமான காலம் வேறு இல்லை.

ஒரு வாரம் பாயின் படைவீரன், ஓடிவந்த காவல்காரனைப் பிடித்து மரத்தில் கட்டினான்.

"ஏன் பாய், அவன் என்ன பண்ணான்?" என்று அவர் திகைத்தார்.

பாய் கண்ணடித்தார். "உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவர் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் புன்னகைத்துக்கொண்டிருந்தோம். சற்றுப் பொறுத்து அவரும் புன்னகைத்தார். எங்களைவிடக் கொஞ்சம் தாமதமாக.

பொங்கல் கழிந்து ஒரு நாள் நான் பாய் கடையில் இருந்தபோது அக்கா வந்தார். கணவருடைய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பவர் மாற்றிப் புதிதாகப் போட்டது.

"இன்னாக்கா, சாருக்கு செட் ஆவலையா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லையாம் பாய். டாக்டர் வேற டெஸ்ட் எழுதிக் குடுத்தார்."

பாய் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "கண்ணு இன்னாத்துக்குக்கா அவருக்கு? மூளை இருக்கே. செம கதை ஒண்ணு ஓட்டிகினு கீறாரு, ஒரே நாளு திரும்பத் திரும்ப வருது, நாங்களும் தலைகீழா நின்னு பாக்கிறோம், வெளிய வர முடியல. தில் இருந்தா கண்டுபிடிங்கடான்னு…"

அக்கா கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தக் கண்ணாடியின் கால்களை மடக்கிக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார்.

"அது கதை இல்ல பாய்," என்றார். "வீட்லயும் அப்படித்தான்."

போன வாரம் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் இரும்புலியூர் பக்கம் நடந்துபோய்விட்டாராம். மறதி நோயாம், அறுபதுகூட ஆகவில்லை. வராமல் தடுக்க மருந்து இல்லை, கொஞ்சம் மெதுவாக வரவைக்க இருக்கிறதாம். அக்கா சொல்லிக்கொண்டே போனார். பாய் கண்ணாடியை வாங்கி, அதில் துடைக்க எதுவுமே இல்லாவிட்டாலும் துடைத்தார். அக்கா போன பிறகு, "நாம சிரிச்சுகினு இருந்தோம், மச்சான்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறும் காவல்காரன் ஓடிவந்தான். ஷீலாவுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. நாங்கள் மதகை அடைத்தோம், புதிதாக அடைப்பதுபோலவே. முன்பு எங்கே வழுக்கியதோ அங்கே நாங்களாகவே வழுக்கினோம். என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பாதியில் அவர் நிறுத்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், லிஃப்டில் பார்ப்பதுபோல.

"இதை முன்னாடி சொல்லிட்டேனா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருந்தால் யாராவது பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

"சொன்னீங்க சார்," என்றாள் ஷீலா.

"எத்தனை தடவை? தேதி, உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். சொன்னேன். அவர் தலையசைத்தார், மணற்குழியில் அசைத்த மாதிரியே. பிறகு பகடைகளைப் பெட்டியில் போட்டு, பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே நீ சொல்லு. எனக்கு ஒரு ஆளு போடுங்க. இவ்ளோ வருஷம் எனக்குன்னு ஒரு ஆளு இல்ல."

அன்றே அவருக்கு ஒரு பாத்திரம் உண்டானது. ஏரிக்கு ஏரி செய்தி கொண்டுபோகும் தூதன். ஓடுகிறவன், வாய்க்கால்களைத் தாண்டுகிறவன். ஆறு எண்களையும் அவரே உருட்டினார். புத்தி மட்டும் குறைவு, ஏழு. மற்றவை நல்ல எண்கள். வயதைக் கேட்டபோது தன் வயதையே சொன்னார். பிறந்த வருஷத்தைப் பேனாவில் எழுதினார்.

தூதன் நன்றாக ஓடினான். சில ஞாயிறுகளில் அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. சில ஞாயிறுகளில் ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கதான் சார் தூதன், கடிதம் உங்க கையில இருக்கு" என்று ஞாபகப்படுத்துவாள். என்னிடம் "இன்னைக்கு என்ன தேதிப்பா?" என்று கேட்பார். பாய் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். சற்று நேரம் கழித்து அவர் மறுபடி கேட்பார். நான் மறுபடி சொல்வேன்.

பிறகு தூதனின் பிறந்தநாள் வந்தது.

கேக் அடுப்பில் இருந்தபோது அக்கா எங்களைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "அவர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்காதீங்கப்பா. டாக்டர் கேக்கிறதுக்கே அழறார்."

"சும்மா பாஸுன்னு சொல்லிடு மச்சான்," என்றார் பாய். "தெம்புக்குள்ள விழுந்துச்சுன்னு சொல்லு. அவருக்குத் தெரியவா போவுது?"

"அதுக்காகத்தான் சொல்லக் கூடாது," என்றாள் ஷீலா. அந்த விதியை முதல் நாளிலிருந்து எதிர்த்தவள் அவள்தான். "கேக்காம எடுத்தவங்க லிஸ்ட்ல நாமும் சேரணுமா அண்ணா? கேக்காம விட்டாலும் அதேதான்."

அக்கா அடுப்பைத் தணித்தார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி என்னிடம் இருந்தது.

கேக் வெட்டினோம். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். பகடைகளைக் கையில் கொடுத்தேன். பெரிய உள்ளங்கைக்குள் அவற்றைக் குலுக்கி உருட்டினார். மூன்றும் நின்றன. தெம்பைத் தாண்டிவிட்டது. அவரே கூட்டிப் பார்த்துச் சரியாகச் சொன்னார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மேசையின் குறுக்கே குனிந்தேன்.

"எதை விடுறீங்க, சார்?"

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலை ஒவ்வொரு எண்ணாக வைத்து இறக்கினார். பலம். வேகம். தெம்பு. நான்காவதான புத்தியில் விரல் நின்றது.

"இதுல யாரோ எடுத்திருக்காங்களே."

"இல்ல சார். நீங்க உருட்டினதுதான். யாரும் எடுக்கல."

"எடுத்திருக்காங்க." குரல் உயரவில்லை. அந்த ஏழின்மேல் விரலை அழுத்தி, அக்காவைப் பார்த்தார். "என்னைக் கேட்டாங்களா?"

அக்கா அவர் தோளில் கை வைத்தார்.

"இப்போ நான் கேக்கிறேன் சார்," என்றேன். "எதை விடுறீங்க?"

என்னை நன்றாகப் பார்த்தார். நான் யார் என்று அந்த நேரம் தெரிந்ததா, சொல்ல முடியாது. ஆனால் கேள்வி புரிந்தது. நாற்காலியில் நிமிர்ந்தார். ஒரு காலை முன்னால் வைத்தார். ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுபடி முதல் எண்ணிலிருந்து விரலை இறக்கத் தொடங்கினார்.

கீழே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. தொட்டிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அவர் விரல் கடைசி எண்ணுக்குப் போய், திரும்ப மேலே வந்தது. மறுபடியும் இறங்கியது.

பாயால் தாங்க முடியவில்லை. "சார், வுடு சார், அடுத்த வாரம் பாத்துக்கலாம்…"

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் இடது உள்ளங்கையை உயர்த்தினார்.

"கேட்டா காத்திருக்கணும் பாய்."

நாங்கள் காத்திருந்தோம். லாரி தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. அக்கா விளக்கைப் போட்டார். விரல் பலத்தில் இருந்தது, வேகத்துக்கு வந்தது, தெம்புக்கு வந்தது. ரப்பர் இன்னும் தாளைத் தொடவில்லை.